அடித்தளத்தில் கிடைத்த குறுந்தொகை

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



மேற்படிப்புக்காகக் கடல் கடந்து போகிறவர்களைப் பற்றி நம்மிடையே இரண்டு வகையான பேச்சு உண்டு. வழியனுப்பும்போது, "படிச்சு முடிச்சு நல்ல உத்தியோகமா எடுத்துப்போடு" என்பது ஒன்று. நாலைந்து வருடங்கள் கழிந்தபின், "அவன் இனி எங்கே வரப்போகிறான்" என்பது மற்றது. இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் அந்த மனிதருக்கு என்ன நடக்கிறது? பட்டம் எவ்வாறு தொழிலாகிறது? அந்தத் தொழில் அவரிடமிருந்து எதைப் பெற்றுக்கொள்கிறது? இவற்றை நாம் அதிகம் கேட்பதில்லை. வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர் ஆகியோர் விடயத்தில் விடை ஓரளவு தெரிந்ததுதான். பரீட்சை, பதிவு, நியமனம் என்று படிகள் உண்டு. இலக்கியம் படித்தவருக்கு அத்தகைய படிகள் இல்லை. அவர் அங்கே போய் எதை வைத்துப் பிழைப்பது?

இந்தக் கேள்விக்கு ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்துப் பதில் தேடலாம் என்று நினைக்கிறேன். சங்கப் பாடல்களை ஆங்கில உலகுக்கு அறிமுகப்படுத்திய ஏ. கே. ராமானுஜன்தான் அவர். 1959இல் மாணவராக அமெரிக்காவுக்குப் போனார். 1993 ஜூலை 13ஆம் திகதி சிக்காகோவில் காலமாகும்போது அவருக்கு வயது 64. இடைப்பட்ட முப்பத்துநான்கு ஆண்டுகளில் அவர் கட்டிய தொழில் வாழ்க்கையைப் பார்த்தால், அவர் எதைப் படிக்கப் போனாரோ அதன்மேல் அது கட்டப்படவில்லை என்பது தெரியும். எதைப் படிக்காமலே ஊரிலிருந்து புறப்பட்டாரோ அதன்மேல்தான் கட்டப்பட்டது. இதனை விளக்குவதே இந்த உரையின் நோக்கம்.

ராமானுஜன் 1929இல் மைசூரில் பிறந்தவர். வீடு தமிழ் வைணவக் குடும்பம். தந்தையார் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். வானியலும் அறிந்தவர், சோதிடமும் பார்ப்பவர். விஞ்ஞானியான தந்தை சாதகக் கட்டத்தை எவ்வாறு நம்புகிறார் என்ற மகனின் திகைப்பு, பின்னாளில் 'இந்தியச் சிந்தனை முறை என்று ஒன்று உண்டா' என்ற புகழ்பெற்ற கட்டுரைக்கு வித்தாயிற்று. அந்த வீட்டில் கீழ்த்தளத்தில் தாயாரோடும் பாட்டிமாரோடும் பேசுவது தமிழ். மாடியில் தந்தையின் அறையில் ஆங்கிலமும் சமஸ்கிருதமும். வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினால் கன்னடம். தன் வீட்டு மொழிகளைப் பற்றி அவரே எழுதிவைத்த விவரம் இது.

இதிலே நாம் கவனிக்க வேண்டியது, தமிழ் அவருக்குச் சமையலறை மொழியாக மட்டுமே கிடைத்தது என்பதைத்தான். பாடசாலையில் அதைப் படிக்கவில்லை. தொல்காப்பியமோ குறுந்தொகையோ கையில் எடுக்கவில்லை. மைசூர் மகாராஜா கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்றார். பிறகு ஏறக்குறைய எட்டு வருடங்கள் கொல்லம், பெல்காம், பரோடா என்று ஊர் ஊராக ஆங்கில விரிவுரையாளர் வேலை பார்த்தார். ஐம்பதுகளில் இந்தியாவிலும் இலங்கையிலும் ஆங்கிலம் படித்த எத்தனையோ பேருடைய கதைதான் இதுவும். ஷேக்ஸ்பியரை இருபது வயது மாணவர்களுக்கு வரிவரியாக விளக்கிவிட்டு, மாலையில் வேறு ஏதோ செய்ய வேண்டும் என்று மனம் அலையும். ராமானுஜன் அந்த மாலைகளில் இரண்டு காரியங்கள் செய்தார். கவிதை எழுதினார். கன்னட நாட்டுப்புறக் கதைகளையும் பழமொழிகளையும் சேகரித்தார். அந்நாளில் இரண்டாவது காரியத்தால் எந்தக் கல்லூரியிலும் பதவி உயர்வு கிடைத்திராது.

முப்பது வயதில் அவர் துறையை மாற்றினார். புனேயில் உள்ள டெக்கான் கல்லூரியில் மொழியியல் கற்று, அடுத்த வருடமே புல்பிரைட் புலமைப்பரிசிலில் இந்தியானாப் பல்கலைக்கழகத்துக்குக் கப்பலேறினார். ஆங்கில இலக்கியம் படித்தவர் ஆங்கில இலக்கியத்திலேயே கலாநிதிப் பட்டம் செய்யப் போகாமல் மொழியியலுக்கு மாறியது சாதுரியமான முடிவு என்பது என் எண்ணம். ஆங்கிலக் கவிதையைப் பற்றி அமெரிக்கர்களுக்குச் சொல்லிக்கொடுக்க மைசூரிலிருந்து ஒருவர் வேண்டியதில்லை. ஆனால் திராவிட மொழிகளை உள்ளிருந்து அறிந்த மொழியியலாளர் வேண்டியிருந்தார். ஏன் வேண்டியிருந்தார் என்பதை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1957 ஒக்டோபரில் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. அமெரிக்கா பதறியது. 1958இல் அந்நாட்டுக் காங்கிரஸ் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் என்ற ஒன்றை நிறைவேற்றியது. பெயரே விடயத்தைச் சொல்கிறது. விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் பணம் கொடுத்ததோடு, உலகின் பிற மொழிகளைக் கற்பிக்கும் நிலையங்களுக்கும் அந்தச் சட்டம் பணம் கொடுத்தது. தமிழும் அப்பட்டியலில் சேர்ந்தது. இன்னொன்றும் நடந்தது. அமெரிக்கா இந்தியாவுக்குக் கொடுத்த கோதுமையின் விலை ரூபாயாக இந்தியாவிலேயே தங்கிக் கிடந்தது. அதில் ஒரு பகுதியைக் கொண்டு 1962 முதல் இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பும் திட்டம் தொடங்கியது. மதுரையிலும் சென்னையிலும் அச்சான புத்தகங்கள் கோதுமையின் விலையில் சிக்காகோவுக்குப் போயின. தமிழ் மீது யாருக்கும் காதல் பிறந்துவிடவில்லை. வல்லரசுகளின் போட்டியில் ஒரு கதவு திறந்தது. அந்த நேரத்தில் ஒரு தமிழ்ப் பேச்சாளர் கதவடியில் நின்றார். வெளிநாட்டில் உயர்ந்தவர்களைப் பற்றிப் பேசும்போது திறமை, உழைப்பு என்ற இரண்டை மட்டும் சொல்லிவிட்டு இத்தகைய காலச் சூழலை மறந்துவிடுகிறோம். ஒரு பத்தாண்டு முன்னே போயிருந்தால் அவருக்கு இந்த வாய்ப்பு இருந்திராது.

கலாநிதிப் பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வேடு கன்னட மொழியின் இலக்கணம் பற்றியது. 1963இல் பட்டம் கிடைத்தது. ஆனால் அதற்கு முன்னரே, 1962இல், சிக்காகோப் பல்கலைக்கழகம் அவரை உதவிப் பேராசிரியராக எடுத்துக்கொண்டது. வேலை மொழியியலும் தமிழும் கற்பிப்பது. அந்த ஆய்வேட்டை இன்று யார் வாசிக்கிறார்கள் என்று கேட்டால், மொழியியலாளர் சிலர் என்பதே பதில். பட்டத்துக்கான ஆய்வு அவருக்குக் கதவின் சாவியாக இருந்தது. உள்ளே நுழைந்தபின் அவர் செய்தது வேறு.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். சிக்காகோவுக்கு வந்த புதிதில், 1962இல் ஒரு சனிக்கிழமை, அவர் பல்கலைக்கழகத்தின் ஹார்ப்பர் நூலகத்துக்குப் போகிறார். அடித்தளத்து அடுக்குகளில் பழந்தமிழுக்கு ஓர் ஆரம்ப இலக்கணப் புத்தகம் தேடுகிறார். தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் அல்லவா? தான் கற்றிராத பழந்தமிழைக் கொஞ்சமாவது படித்துக்கொள்ள வேண்டுமே என்ற தேவை. தேடிய இலக்கணம் கிடைத்ததோ இல்லையோ, உ. வே. சாமிநாதையர் 1937இல் உரையோடு பதிப்பித்த குறுந்தொகை கையில் அகப்பட்டது. புத்தக அடுக்குகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து புரட்டத் தொடங்கினார். ஐயரின் உரைநடை அவருக்கு விளங்கியது. உரை விளங்க விளங்கப் பாட்டும் திறந்துகொண்டது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள கவிதை, தன் தாயார் பேசிய மொழியில், தனக்கு ஒரு சொல்லும் தெரியாமல் இவ்வளவு காலமும் இருந்திருக்கிறது. இந்த நிகழ்ச்சியை அவர் 1985இல் வெளிவந்த தமது நூலொன்றில் எழுதியிருக்கிறார். மரபு என்பது பிறப்பால் தானாக வந்து சேர்வதில்லை, உழைத்து மீளப் பெற வேண்டியது என்ற கருத்தையும் அங்கேயே சொல்கிறார்.

இதைக் கேட்கும்போது எனக்கு இரண்டு எண்ணங்கள் ஒருங்கே எழுகின்றன. ஒன்று, உரையாசிரியரின் பெருமை. குறுந்தொகைக்குப் பழைய உரை கிடைக்காத நிலையில் ஐயர் தம் முதுமையில் விரிவான உரை எழுதினார். அவர் மனதில் இருந்தது தமிழ் மாணவன்தான். ஆங்கிலக் கவிஞர் ஒருவர் சிக்காகோவில் தரையில் உட்கார்ந்து வாசிப்பார் என்று கண்டாரா? பதிப்பு வேலையை ஏளனமாகப் பார்ப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினாரே, அந்தப் பரம்பரையின் உழைப்புத்தான் கடல் கடந்து அந்த அடித்தளத்தில் போய்க் கிடந்தது.

மற்ற எண்ணம் அவ்வளவு இனிமையானதன்று. 1981 மே கடைசி நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிந்தது. தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் சாம்பலாயின. சிக்காகோவின் அடித்தளத்தில் யாரும் தொடாமல் தூசி படிந்து கிடந்த புத்தகம் பிழைத்திருந்தது. ஆயிரக்கணக்கானோர் தொட்டு வாசித்த புத்தகங்கள் எமது மண்ணில் பிழைக்கவில்லை. தமிழ் படிக்கத் தமிழ் மண்ணை விட்டுப் போக வேண்டுமா என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. இதை மட்டும் நினைவுபடுத்துவேன்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பின் ஐந்து ஆண்டுகளில், 1967இல், குறுந்தொகைப் பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பாக 'த இன்ரீரியர் லான்ட்ஸ்கேப்' வெளிவந்தது. சிறிய புத்தகம். மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் அவர் செய்த ஒரு காரியத்தை மாத்திரம் சொல்கிறேன். சங்கப் பாடலுக்குத் தலைப்பு இல்லை. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்ற குறிப்புத்தான் உண்டு. ராமானுஜன் அந்தக் கூற்றுக் குறிப்பையே பாட்டின் தலைப்பாக்கினார். 'அவள் சொன்னது', 'அவன் சொன்னது', 'அவளுடைய தோழி சொன்னது'. இதனால் தமிழ்க் கவிதை ஒரு நாடகக் குரலாக ஆங்கில வாசகன் காதில் விழுந்தது. திணையும் துறையும் தெரியாதவனுக்குக்கூட யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பது முதல் வரியிலேயே விளங்கிவிடும். நூலின் இறுதியில் திணைக் கோட்பாட்டை விளக்கி ஒரு கட்டுரையும் சேர்த்தார். செம்புலப்பெயனீரார் பாடலை அவர் ஆக்கிய விதம் அதன்பின் எங்கெல்லாமோ போயிற்று. 1995இல் விக்ரம் சந்திரா என்ற ஆங்கில நாவலாசிரியர் தமது முதல் நாவலுக்குத் தலைப்பையே அதிலிருந்து எடுத்தார்.

பிற்பாடு நடந்தவற்றை விரைவாகவே சொல்லிவிடலாம். 1973இல் கன்னட வீரசைவ வசனங்கள், 1981இல் நம்மாழ்வார், 1985இல் அகமும் புறமும் சேர்ந்த பெருந்தொகுப்பு. இடையிடையே சொந்தக் கவிதைகள், ஆங்கிலத்திலும் கன்னடத்திலும். 1976இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ. 1983இல் அமெரிக்காவின் மக்ஆர்தர் விருது. பெல்காமில் மாலை வேளைகளில் சேகரித்த நாட்டுப்புறக் கதைகள் வீண்போகவில்லை. 1991இல் இந்தியா முழுவதற்குமான கதைத் தொகுப்பொன்றை வெளியிட்டார். ஆங்கில விரிவுரையாளராக இருந்தபோது உதவாத பொழுதுபோக்கு, முப்பது வருடங்கள் கழித்துப் பேராசிரியரின் துறையாகிவிட்டது.

இந்த இடத்தில் நேயர்களுக்கு நம்மவர் ஒருவர் ஞாபகத்துக்கு வந்திருப்பார். ராமானுஜன் சிக்காகோவில் குறுந்தொகையோடு இருந்த அதே ஆண்டுகளில், இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் இன்னொருவர் புறநானூற்றோடு இருந்தார். அவர்தான் க. கைலாசபதி. தினகரன் ஆசிரியராக இருந்து ஓர் எழுத்தாளர் தலைமுறையையே ஊக்குவித்தவர், அறுபதுகளின் தொடக்கத்தில் பட்டப்பின் படிப்புக்காக அங்கு சென்றார். அவரது ஆசிரியர் ஜோர்ஜ் தொம்சன், கிரேக்கப் பேராசிரியர், மார்க்சியர். தமிழ் தெரியாத ஒரு கிரேக்க அறிஞரிடம் தமிழ் பற்றி ஆய்வதா என்று அந்நாளில் முகம் சுளித்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் அங்கேதான் அவருக்கு வேண்டிய கருவி கிடைத்தது. ஹோமரின் காவியங்கள் எழுதப்பட்டவையல்ல, பாணர் வாய்மொழியாகப் புனைந்தவை என்பதை மில்மன் பரி என்ற அமெரிக்க அறிஞர் யூகோசிலாவியப் பாடகர்களைக் கொண்டு ஆராய்ந்திருந்தார். அவருடைய மாணவர் அல்பேர்ட் லோர்டின் நூல் 1960இல்தான் வெளியாகியிருந்தது. மீண்டும் மீண்டும் வரும் சொற்றொடர்களைக் கொண்டு வாய்மொழிப் பாடலை அடையாளங்காணும் அந்த முறையைக் கைலாசபதி சங்கப் பாடல்களில் பொருத்திப் பார்த்தார். ஆய்வேடு 1968இல் ஒக்ஸ்போர்ட்டில் நூலாக வந்தது. சான்றோர் செய்யுள் என்று நாம் கைகூப்பி வணங்கியதைப் பாணனின் வாய்ப்பாட்டாகக் காட்டிய நூல் அது. எல்லோரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. இன்றும் விவாதம் உண்டு. ஆயினும் அதைத் தவிர்த்துவிட்டுச் சங்க இலக்கிய ஆராய்ச்சி செய்ய முடியாது. அதே தொம்சனிடம் படித்த கா. சிவத்தம்பி 1970இல் பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகம் பற்றிய ஆய்வோடு திரும்பினார்.

திரும்பினார் என்றேன். கைலாசபதியும் திரும்பினார். இதில்தான் இரண்டு வாழ்க்கைகளும் பிரிகின்றன.

ஒருவர் அகத்தை எடுத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். மற்றவர் புறத்தை எடுத்துக்கொண்டு வீடு வந்தார். திரும்பி வந்தவருக்குக் காத்திருந்தது என்ன? விரிவுரைகள், விடைத்தாள்கள், இலக்கியச் சண்டைகள், பத்திரிகைக்கு எழுத வேண்டிய கட்டுரைகள். 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்றார். கட்டடம், நியமனம், கூட்டம் என்று மூன்று வருடங்கள். 1982 டிசம்பரில் காலமானபோது வயது 49. 'தமிழ் நாவல் இலக்கியம்', 'ஒப்பியல் இலக்கியம்', 'அடியும் முடியும்' என்று அவர் தமிழில் எழுதியவை ஒரு தலைமுறைக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தன. ஆனால் ஒக்ஸ்போர்ட் வெளியிட்ட அந்த ஆய்வைப் போன்ற இன்னொரு பெரிய ஆய்வு நூல் அவரிடமிருந்து வரவில்லை. அதற்கான அமைதியை இந்த மண் அவருக்குக் கொடுக்கவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

சிக்காகோவில் இருந்தவருக்கு அந்த அமைதி கிடைத்தது. நூலகம் கிடைத்தது. அடுத்த அறையில் வங்காளி கற்பிக்கும் எட்வேர்ட் டிமொக் போன்ற சகாக்கள் கிடைத்தார்கள். தாம் கண்டுபிடித்த கவிதையைத் தம் மக்களுக்குத் தம் மக்கள் மொழியில் சொல்லும் வாய்ப்பு மட்டும் கிடைக்கவில்லை. ராமானுஜன் சங்கக் கவிதை பற்றி எழுதியதெல்லாம் ஆங்கிலத்தில். கவிஞராகத் தம்மூர் வாசகரை அவர் கன்னடத்தில் சந்தித்தார், தமிழில் சந்திக்கவில்லை. தமிழ்க் கவிதைக்கு உலக வாசகரைத் தேடிக்கொடுத்தவரைத் தமிழ் வாசகர் பலர் பெயரளவில்தான் அறிவர்.

கைலாசபதி தமக்குக் கிடைத்த முறையைக் கொண்டுவந்து நமக்குத் தந்தார், தாம் மேலும் ஆராயவேண்டியதை விட்டுக்கொடுத்தார். ராமானுஜன் ஆராயவேண்டியதை ஆராய்ந்தார், கேட்போரை மாற்றிக்கொண்டார். எது மேல் என்று என்னைக் கேட்டால், அறுபதுகளில் திரும்பி வர ஒரு பல்கலைக்கழகமும் ஒரு பத்திரிகை உலகமும் இங்கே இருந்தன என்பேன். 1983க்குப் பின் புறப்பட்ட எம்மவருக்கு அந்தத் தெரிவே இருக்கவில்லை. அவர்களைத் 'திரும்பாதவர்கள்' என்று இதே தராசில் போடுவது நியாயமாகாது.

தங்கிவிட்டதன் விலை என்ன என்பதை ராமானுஜன் நன்றாகவே அறிந்திருந்தார். அதை அவர் கட்டுரையில் எழுதவில்லை; கன்னடத்தில் ஒரு சிறுகதையாக எழுதினார். 'அண்ணய்யனின் மானிடவியல்' என்று தமிழில் சொல்லலாம். வெளிநாட்டில் மேற்படிப்புப் படிக்கும் எல்லா மாணவர்களும் வாசிக்க வேண்டிய கதை.

அண்ணய்யன் மைசூர்ப் பக்கத்துப் பிராமண இளைஞன். சிக்காகோவில் மேற்படிப்பு. ஊரிலிருந்தபோது மேனாட்டைப் பற்றிய புத்தகங்களாகப் படித்துத் தள்ளியவன், அமெரிக்காவுக்கு வந்தபின் இந்தியாவைப் பற்றிய புத்தகங்களில் மூழ்குகிறான். பாட்டி செய்த சடங்குகளுக்கெல்லாம் இப்போதுதான் அவனுக்கு அர்த்தம் தெரிகிறது. அதுவும் அமெரிக்க மானிடவியலாளர் சொல்லித் தெரிகிறது. என்ன நுட்பமான ஆராய்ச்சி என்று வியக்கிறான். ஒருநாள் நூலகத்தில் இந்துக்களின் சடங்குகள் பற்றிய ஒரு புதிய புத்தகம். ஆசிரியர் நன்றி கூறும் பக்கத்தில், ஊரிலே புகைப்படக்கடை வைத்திருக்கும் இவனுடைய சொந்தக்கார மைத்துனனின் பெயர். அட, நம்மவன்! சந்தோஷத்தோடு பக்கங்களைப் புரட்டுகிறான். ஈமச்சடங்கு பற்றிய அத்தியாயம். படங்கள். அந்த வீடு தன் வீடு. அந்தத் தெரு தன் தெரு. பாடையில் கிடக்கும் உடல் தன் தந்தை. மகன் செய்ய வேண்டிய கிரியையை அந்த மைத்துனன் செய்துகொண்டிருக்கிறான். தூரதேசத்தில் படிக்கிற பிள்ளையின் மனம் கலங்கக்கூடாது என்று வீட்டார் சாவுச் செய்தியை எழுதவில்லை. மேலும் புரட்டுகிறான். விதவைக் கோலம் பற்றிய பகுதி. தலை மழிக்கப்பட்ட ஒரு பெண்ணின் படம். அது அவன் தாய்.

கதையின் கொடுமை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். புத்தகத்தில் பிழை ஒன்றும் இல்லை. ஆராய்ச்சியாளர் பொய் எழுதவில்லை, படம் எடுத்தவன் ஏமாற்றவில்லை, வீட்டார் அன்பினால்தான் மறைத்தார்கள். எல்லாம் சரியாகவே இருக்கின்றன. ஆனால் தன் தந்தையின் சாவு அவனுக்கு ஓர் உதாரணமாக வந்து சேர்கிறது, பக்க இலக்கத்தோடு. நூலக அடித்தளத்தில் குறுந்தொகையைக் கண்டெடுத்த அதே மனிதர்தான் இதை எழுதினார் என்பதை மறக்கக்கூடாது. இரண்டிலும் நிகழ்வது ஒன்றுதான்: அந்நிய நாட்டு நூலகத்தில் ஒருவன் தன் வீட்டைக் கண்டுகொள்கிறான். முதலாவதில் அது கொடை, இரண்டாவதில் தண்டனை. நம்மவர் எத்தனை பேருக்கு இவ்வாறு செய்தி தாமதமாகப் போயிருக்கிறது! எத்தனை பேர் தாய் தந்தையின் இறுதிக் கிரியையைப் பிறகு வீடியோ நாடாவில் பார்த்திருக்கிறார்கள்! கன்னடத்தில் எழுதப்பட்ட இந்தக் கதையை எம்மவர் கதையென்றே வாசிக்கலாம்.

ராமானுஜனுக்கு எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. கன்னட வசனங்களை அவர் மேனாட்டு வாசகரின் சமயச் சுவைக்கேற்ப வளைத்துவிட்டார் என்று தேஜஸ்வினி நிரஞ்சனா 1992இல் கடுமையாக விமர்சித்தார். அந்த விமர்சனத்தில் ஓரளவு நியாயம் உண்டு. கேட்போர் யார் என்பது மொழிபெயர்ப்பின் உள்ளே புகுந்துவிடத்தான் செய்யும். இன்னொரு எதிர்ப்பு அவர் மறைந்தபின் வந்தது. இராமாயணம் ஒன்றல்ல, கம்பன் சொன்னதும் சமணர் சொன்னதும் தாய்லாந்தில் சொல்வதும் அததற்கு உரிய மதிப்புடைய இராமகதைகளே என்று அவர் எழுதிய கட்டுரையை, சில அமைப்புகளின் கூச்சலுக்குப் பின் டில்லிப் பல்கலைக்கழகம் 2011இல் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. சிக்காகோவில் இருந்துகொண்டு எழுதியது ஊரிலே பதினெட்டு வருடங்களுக்குப் பின் அவரைத் தேடி வந்தது.

இன்று நிலைமை வேறு. தேசியப் பாதுகாப்புக்காகத் தமிழ் கற்பித்த காலம் போய்விட்டது. ஹார்வார்டில் தமிழிருக்கைக்கு வேண்டிய அறுபது இலட்சம் டொலர் 2018இல் சேர்ந்தது. ரொரன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழிருக்கைக்கு வேண்டிய முப்பது இலட்சம் கனேடிய டொலர் 2021இல் சேர்ந்தது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி கோதுமை விற்று வந்ததன்று. இரவு வேலை செய்தவர்களும் கடை வைத்தவர்களும் கொடுத்தது. அவர்களுடைய பிள்ளைகளுக்கும் தமிழ் பெரும்பாலும் சமையலறை மொழிதான். அப்பிள்ளைகளில் ஒருத்தி பட்டப்பின் படிப்புக்கு வேறெதையோ தெரிந்துகொண்டு போய், ஒரு சனிக்கிழமை ஏதோ ஓர் அடுக்கில் கைவைக்கக் கூடும். அவள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும் புத்தகங்களில் இலங்கையில் அச்சானவை எத்தனை இருக்கும் என்பதை எங்கள் பதிப்பாளர்களும் பல்கலைக்கழகங்களும் யோசிக்க வேண்டும்.

'அண்ணய்யனின் மானிடவியல்' ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. ராமானுஜனின் நாட்குறிப்புகளும் 2019இல் நூலாக வெளிவந்திருக்கின்றன. 1959இல் கப்பலில் போகும்போது எழுதிய பக்கங்கள் அதில் உண்டு. வசதியுள்ளவர்கள் தேடி வாசியுங்கள்.